ஓடைப் பக்கம் கதவில்லாத ஊர்

ஓடையில் சாம்பல் நிறத்தில் ஏதோ கிடந்தது.

மகேந்திரராஜா மேசை விளக்கைத் தாழ்த்திப் பிடித்துப் பார்த்தான். அட்டை மலையின் அடிவாரத்தில், நீலம் பூசி அதன்மேல் வார்னிஷும் இழுத்து ஒரு வாரமாகக் காயவிட்டிருந்த அந்த மெல்லிய ஓடைக்குள், ஒரு சிட்டிகை பொடி. அட்டை வெட்டிய தூள் பழுப்பாக இருக்கும். சாந்துத் தூள் வெள்ளையாக இருக்கும். இது சாம்பல், நடுநடுவே வெள்ளைப் பொருக்குகள். தூரிகையால் தட்டிவிட்டான். தூரிகையின் நுனி நனைந்தது.

வார்னிஷ் காயவில்லை என்று நினைத்துக்கொண்டான். மெல்பேர்னில் ஜூன் மாதத்தில் எதுவும் காய்வதில்லை.

எழுபத்தேழாம் ஆண்டு அது. பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையில் அவன் வரைபடக் கலைஞன். ஜப்பானிய மலைக்கிராமம் ஒன்றைப் பற்றிப் பேராசிரியர் கண்காட்சி வைக்கிறார். அதற்கு அந்த மலையையே சிறிதாகச் செய்து தரும்படி கேட்டிருந்தார். வரைபடத்தின் ஒவ்வொரு உயரக் கோட்டுக்கும் ஓர் அட்டை. கோட்டின் வளைவு பிசகாமல் இழைவாளால் அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, சாந்து பூசி, வண்ணம் தீட்ட வேண்டும். ஐந்து மணிக்குப் பிறகு துறையில் சூடாக்கியை அணைத்துவிடுவார்கள் என்பதால் அவன் மலையை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தான். வீட்டில் சாப்பாட்டு மேசை சும்மாதான் கிடந்தது. அதில் இரண்டு பேர் கடைசியாகச் சாப்பிட்டது பெப்ரவரியில்.

கிராமத்தின் பெயர் கமிசாவா. நாலாபுறமும் மலை. சரிவில் சுவரொட்டி போல ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள், அவற்றுக்கு நடுவே கல் அடுக்கிய படிவயல்கள், கீழே ஓர் ஓடை. நெல் அதிகம் விளையாத மண், தினையும் பாப்பரைத் தானியமும்தான். ஐம்பது வருடத்துக்கு முன் ரோடு வெட்டும்வரை ஊருக்குள் போக ஒரே வழி கொடிகளைப் பின்னிய தொங்குபாலம். ரோடு வந்ததும் இளைஞர்கள் அதே ரோட்டில் இறங்கி ஒசாகாத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது. இதையெல்லாம் அவன் படித்துத் தெரிந்துகொண்டதைவிட விரலால் தெரிந்துகொண்டதே அதிகம். எந்த வளைவில் சரிவு செங்குத்தாகிறது, எந்த வீட்டுக்குப் பின்னால் பாறை துருத்துகிறது என்பது அவன் கைக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் புரியவில்லை. எல்லா வீட்டுக்கும் கதவு மலைப் பக்கம். ஓடையைப் பார்த்த சுவர் எல்லா வீட்டிலும் மொட்டை. கதவில்லை, ஜன்னலில்லை.

வெளியே இருட்டிவிட்டது. மணி ஐந்தரைதான். பின்வளவில் துணி காயப்போடும் சுழல்கம்பம் காற்றில் ஒருமுறை கிரீச்சிட்டது. அதற்கப்பால் வேலி, வேலிக்கப்பால் ஓடை. பழைய டயர்களும் கோரைப்புல்லும் தேங்கிய எண்ணெய்ப் படலமுமாக நோபிள் பார்க் புறநகரின் பின்பக்கமெல்லாம் ஊர்ந்து போகும் ஓடை. அவன் மனைவி யோகாவுக்கு அது பிடிக்காது. "உது ஓடையில்லை, வாய்க்கால். இரவில என்னவோ மூச்சு விடுற மாதிரிக் கேக்குது" என்பாள்.

துணி எடுக்கப் போனவள் அந்தக் கம்பத்தடியில்தான் விழுந்தாள். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்ததாம். வயது இருபத்தாறு. கையில் இருந்த துணிகளை அவள் விடவில்லை.

*

செவ்வாய்க்கிழமை மதியம் ஃபுமிகோ டொய்ல் அவன் அறைக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தாள். அவள் கமிசாவாவில் பிறந்தவள். உலகப் போருக்குப் பின் ஜப்பானில் இருந்த ஆஸ்திரேலியச் சிப்பாய் ஒருவரைக் கட்டிக்கொண்டு மெல்பேர்ன் வந்து, இப்போது பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறாள். தட்டில் அவன் செதுக்கி அடுக்கியிருந்த நகத்தளவு மர வீடுகளைக் குனிந்து பார்த்தாள்.

"என் அண்ணன் வீட்டை நேராகச் செய்துவிட்டீர்களே. அது சாய்ந்து பல வருடம் ஆகிறது. அண்ணனும்தான்."

அவன் சிரிக்கவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. மனைவியை இழந்தவன் என்று துறையில் எல்லோருக்கும் தெரியும்.

"கதவெல்லாம் மலைப் பக்கம் இருக்கிறதே. குளிர்காற்றுக்காகவா?" என்று கேட்டான்.

"பேராசிரியர் அப்படித்தான் எழுதியிருக்கிறார். நல்ல விளக்கம். அதையே வைத்துக்கொள்ளுங்கள்."

"உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்?"

அவள் ஒரு வாய் சோற்றை மென்று முடித்தாள்.

"எண்ணூறு வருடத்துக்கு முன் ஒரு போர். தோற்றவர்கள் ஓடிவந்து ஒளிந்த இடம் எங்கள் ஊர். தொங்குபாலத்தை வெட்டிவிட்டார்கள். எதிரிகள் கீழே ஒரு குளிர்காலம் முழுக்கத் தேடினார்கள். மேலே ஆள் இருப்பதே தெரியவில்லை. ஒரு நாள் ஒரு பெண் ஓடையில் பாத்திரம் கழுவினாள். சிவப்புக் கிண்ணம் ஒன்று கைநழுவிப் போய்விட்டது. கீழே ஒருவன் கண்டெடுத்தான். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பாதை எதற்கு? தண்ணீரைப் பிடித்துக்கொண்டே ஏறினார்கள்."

"கதவைத் தாழ் போட்டிருப்பார்களே."

"போட்டிருந்தார்கள். உடைக்கவில்லை. ஓடைப் பக்கக் கதவின் இடுக்கில் கிண்ணத்தை நீட்டினார்கள், இரண்டு கையாலும், மரியாதையாக. தொலைந்த கிண்ணம் திரும்பி வந்தால் யார்தான் திறக்கமாட்டார்கள்?"

அவள் தட்டிலிருந்து ஒரு மர வீட்டை எடுத்து, அதன் மொட்டைச் சுவரை அவன் பக்கம் திருப்பினாள்.

"அதனால் ஓடைப் பக்கம் கதவு கிடையாது. ஓடையில் எதையும் விடவும் கூடாது. அரிசி கழுவிய தண்ணீரை மண்ணில்தான் ஊற்றுவோம். இறந்தவர் சாம்பலை மலை உச்சியில் புதைப்போம். சின்ன வயதில் நான் ஒரு காகிதப் படகு விட்டேன். அப்பா உடுப்போடு குதித்து எடுத்து வந்து, பிறகு என் காதைத் திருகினார் பாருங்கள், இன்னும் இந்தக் காது கொஞ்சம் பெரிது."

"படகைப் பார்த்து யார் வருவார்கள்? போர் முடிந்து எண்ணூறு வருடம் ஆகிறதே."

ஃபுமிகோ பெட்டியை மூடினாள்.

"அதைத்தான் நானும் கேட்டேன். கீழே யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, மிஸ்டர் ராஜா. ஒன்றுதான் தெரியும். ஏறி வருவது கிண்ணத்தின் சொந்தக்காரி இல்லை. கண்டெடுத்தவன்."

*

அன்று மாலை பொடி இரண்டாம் வளைவில் கிடந்தது.

தட்டிவிட்ட இடத்தில் இல்லை. அதற்கு மேலே. அட்டை அட்டையாக எண்ணினால் நான்கைந்து படி மேலே. அவன் ஈரத்துணியால் துடைத்தான். மறுநாள் மாலை அது படிவயலைத் தாண்டியிருந்தது. கூரை ஒழுகுகிறதா என்று நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தான். உலர்ந்த கூரை. ஜன்னல் சாத்தியிருந்தது. குசினிக்குள் மட்டும் ஒரு மணம். மழை பெய்த மறுநாள் வேலிப் பக்கமிருந்து வருமே, அழுகிய கோரையும் துருப்பிடித்த இரும்பும் நனைந்த கம்பளியும் கலந்த அந்த மணம், யாரோ அதை உடுத்திக்கொண்டு இப்போதுதான் அந்த அறையைக் கடந்து போனது போல மெல்லிய சூட்டோடு நின்றது. அவன் குழாயைத் திறந்து கையைக் கழுவினான். கழுவிய பிறகும் விரலிடுக்கில் நறநறத்தது.

விளக்கடியில் விரலை விரித்துப் பார்த்தான். வெள்ளைப் பொருக்குகள். நகக்கீறல் அளவு, துளைதுளையாக.

முன்பும் பார்த்திருக்கிறான். எரியூட்டும் நிலையத்தில் கொடுத்த சாம்பல் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. அழுத்தப் போனவன் உள்ளே பார்த்துவிட்டான்.

யோகா கடற்கரை ஊரான பருத்தித்துறையில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த முதல் கோடையில் மோர்டியாலொக் கடலில் முழங்கால் வரை இறங்கி நின்று சொன்னாள்: "நான் செத்தா என்னை இஞ்ச விடுங்கோ. கடல் எல்லாம் ஒண்டுதானே. நீந்தி வீட்டுக்குப் போயிடுவன்." கூட வந்த அவன் நண்பன் ஜெயரட்ணம் கரையிலிருந்து கத்தினான்: "விசா இல்லாமப் போனா ஊரில இறக்கமாட்டாங்கள், தங்கச்சி!" அவள் அவன்மேல் தண்ணீரை வாரி அடித்தாள். பிறகு திரும்பி, சிரிக்காமல் சொன்னாள்: "ஆனா பின்னால கிடக்கிற அந்த ஓடைக்குள்ள மட்டும் விட்டிடாதேங்கோ. சொல்லிப்போட்டன்."

விடமாட்டேன் என்று அவன் வாக்குக் கொடுத்தான். அவன் அவளுக்குக் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கேட்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. சாம்பலைக் கடலில் கரைக்க வேண்டிய முப்பத்தோராம் நாள் அவனால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. ஜெயரட்ணம் பெட்டியை வாங்கிக்கொண்டு போனான். சாயங்காலம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னான்: "அலையோட போயிட்டா, மச்சான். சந்தோசமாப் போயிட்டா."

அந்த ஒரு வசனத்தின்மேல்தான் அவன் இத்தனை நாளும் படுத்துத் தூங்கினான்.

*

சனிக்கிழமை பின்னேரம் ஸ்பிரிங்வேலுக்குப் போனான். ஜெயரட்ணத்தின் குடியிருப்பில் வானொலியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பில் பருப்பு கொதித்தது.

"வா வா, மச்சான். கறுத்துப் போனாய். இண்டைக்கு இஞ்ச சாப்பிட்டுத்தான் போறாய்."

"யோகாவை எங்க விட்டனீ?"

ஜெயரட்ணம் கரண்டியோடு நின்றான்.

"கடலிலதான். சொன்னனான்தானே."

மகேந்திரராஜா அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். வானொலியில் யாரோ கோல் அடித்தார்கள். ஜெயரட்ணம் அதை அணைத்தான். அடுப்பையும் அணைத்தான். பிறகு கதிரையில் உட்கார்ந்தான்.

"அண்டைக்கு ஃபாக்டரியில ஓவர்டைம் எண்டு கூப்பிட்டாங்கள். மோர்டியாலொக் போய்த் திரும்ப நேரமில்லை. பெட்டியைக் காருக்குள்ள வைச்சுக்கொண்டு வேலைக்குப் போக மனம் கேக்கேல்லை." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "உன்ர வீட்டுக்குக் கொஞ்சம் கீழ, றோட்டுப் பாலத்தடியில விட்டனான். ஓடுற தண்ணிதானே, மச்சான். எப்பிடியும் கடலுக்குத்தானே போகும்."

"அவ அந்த ஓடை வேண்டாமெண்டவ."

"ஓம்."

"நீயும் கேட்டுக்கொண்டு நிண்டனீ."

"ஓம்."

"சந்தோசமாப் போயிட்டா எண்டாய்."

"நீ கிடந்த கிடையைப் பாத்திட்டு வேற என்னத்தைச் சொல்லுறது?"

அடிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஏதாவது தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டின் அடித்தளத்தை யாரோ ஓசையில்லாமல் உருவிக்கொண்டு போனது போல இருந்தது. சுவர் மட்டும் இன்னும் விழவில்லை. "போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு எழுந்தான். அந்த நேரத்திலும் அதைச் சொன்னான்.

தெருவில் கொஞ்ச தூரம் நடந்ததும் பின்னாலிருந்து கார் வந்து உரசி நின்றது.

"ஏறு, மச்சான். உன்னைத் தனிய விடமாட்டன். ஏசு, அடி, என்னவெண்டாலும் செய். ஏறு."

ஏறினான். வழியில் ஒரு பாலம் வந்தது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

*

வீட்டுக்குள் நுழைந்ததும் மணம் முகத்தில் அறைந்தது. விளக்கைப் போட்டான்.

அட்டை மலையின் ஓடை அடியிலிருந்து தலைவரை நிறைந்திருந்தது. சாம்பல் நிறக் கோடு ஒன்று, ஒவ்வொரு வளைவாக, ஒவ்வொரு படியாக ஏறி, ஓடையை விட்டு வெளியேறி, சரிவில் இருந்த கடைசி வீட்டின் முன் நின்றது. அவன் முந்தைய நாள் ஒட்டிய வீடு. ஓடையைப் பார்த்த அதன் மொட்டைச் சுவரில் ஈரம். சுவர் முழுக்க அல்ல. கதவு இருந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு.

"இதென்ன, மச்சான்?" என்றான் ஜெயரட்ணம்.

மகேந்திரராஜா குசினிக்குப் போனான். பின்கதவின் தாழைப் பார்த்தான். போட்டிருந்தது. இந்த வீட்டின் பின்கதவு வேலியைப் பார்த்தது. வேலிக்கப்பால் ஓடை. வாடகைக்கு எடுத்தபோது, காற்று வரும் என்று யோகா சொன்ன கதவு.

"கேள். உந்தக் கதவை மட்டும் திறக்காதே."

"ஏன்? ஆர் வாறது?"

"ஆர் வந்தாலும். ஆரின்ர குரல் கேட்டாலும். எனக்கு வாக்குத் தா."

ஜெயரட்ணம் அவன் முகத்தைப் பார்த்தான். பயந்துபோய் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "சத்தியமாத் திறக்கமாட்டன். என்ர அம்மாவாணை."

இருவரும் குசினி மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். குளிர்சாதனப் பெட்டி உறுமியது, நின்றது. அதன் பிறகு வீட்டில் சத்தமே இல்லை. தூரத்தில் டாண்டினோங் பக்கம் போகும் ரயில் ஒன்று நெடுநேரம் இழுத்துக்கொண்டே போய் மறைந்ததும், அதுவரை ரயிலுக்குள் ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் மட்டும் மிஞ்சியது. தண்ணீருக்குள் நடக்கும் சத்தம். அவசரமில்லாமல். காலை முழுதாக எடுத்து, முழுதாக வைத்து.

அது நின்றது.

வேலிப் பலகை ஒன்று முனகியது. பிறகு புல்.

சுழல்கம்பம் கிரீச்சிட்டது. காற்று இல்லை. மீண்டும் கிரீச்சிட்டது. யாரோ அதை மெல்லச் சுற்றிச் சுற்றி, கொடியில் எதையோ தேடுவது போல.

"மச்சான்..."

"பேசாதே."

படியில் ஈரக் கால்.

டொக். டொக்.

இரண்டு தட்டு. கதவின் அடியில், முழங்காலால். கை நிறையத் துணியோடு வரும்போது அவள் அப்படித்தான் தட்டுவாள்.

"இஞ்சருங்கோ."

ஜெயரட்ணத்தின் வாய் திறந்தது.

"இஞ்சருங்கோ, கதவைத் திறவுங்கோ. கை நிறைய உடுப்பு."

அவள் குரல்தான். பெயர் சொல்லாமல் 'இங்கே பாருங்கள்' என்று அவனைக் கூப்பிடும் அந்தச் சலிப்பு, அந்தச் செல்லம், 'உடுப்பு' என்று முடிக்கும்போது வரும் அந்தச் சின்ன மூச்சு. எல்லாம் சரி. மகேந்திரராஜாவின் கால்கள் தாமாக எழுந்தன. இரண்டு அடி வைத்துவிட்டான். பிறகுதான் கவனித்தான்.

குரல் தாழ்வாக வந்தது.

அவள் வாய் இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை. தாழுக்குக் கீழே. இடுப்பு உயரத்தில்.

மூச்சு மட்டும் மேலேயிருந்து வந்தது. கதவு நிலைக்கும் மேலே. நீளமான, நனைந்த மூச்சு.

"இஞ்சருங்கோ, கதவைத் திறவுங்கோ. கை நிறைய உடுப்பு."

அதே சலிப்பு. அதே செல்லம். ஒரு மயிரிழைகூட மாறாமல்.

"அது அவ இல்லை," என்றான் மகேந்திரராஜா. "ஜெயம். அது அவ இல்லை."

ஜெயரட்ணம் அழுதுகொண்டிருந்தான். எப்போது எழுந்தான் என்று தெரியவில்லை. கதவருகே நின்றான். குழந்தையைத் தேற்றுவது போல நெற்றியைப் பலகையில் வைத்திருந்தான்.

"தங்கச்சி. என்னை மன்னிச்சிடம்மா. நான்தான். நான்தான் விட்டனான்."

வெளியே சத்தம் நின்றது. அங்கே நிற்பது காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

"வாக்குத் தந்தனீ," என்றான் மகேந்திரராஜா. "ஜெயம். வாக்குத் தந்தனீயடா."

"தங்கச்சி குளிருக்குள்ள நிக்கிறா, மச்சான்."

தாழ் விலகியது.

மகேந்திரராஜா பாய்ந்தான். கதிரை இடறியது. தரையில் கிடந்தபடி பார்த்தான்.

கதவு உள்பக்கமாகத் திறந்தது. குசினி விளக்கின் மஞ்சள் வெளிச்சம் படிவரை விழுந்தது. படியில் நின்றதன் தலை நிலைக்கு மேலே இருட்டில் இருந்தது. மார்பில் கோரை ஒட்டியிருந்தது. தண்ணீர் சொட்டியது. ஜெயரட்ணம் கதவிலிருந்து கையை எடுத்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வழிவிடுவது போலச் சுவரோடு ஒதுங்கி நின்றான்.

அது குனியவில்லை. இரண்டு கைகளை மட்டும் உள்ளே நீட்டியது. நீண்ட, சாம்பல் நிறக் கைகள். சேர்த்து, குவித்து, மரியாதையாக. எங்கோ கிடந்து கண்டெடுத்த பொருளை உரியவரிடம் ஒப்படைப்பவர் நீட்டுவது போல.

அந்தக் கைகளுக்குள், முகம் மட்டும், யோகா.

கண் திறந்தாள். ஜெயரட்ணத்தைப் பார்க்கவில்லை. தரையைத் தேடி, மகேந்திரராஜாவைக் கண்டுபிடித்தாள்.

"இஞ்சருங்கோ," என்றாள்.